பிள்ளை எழும்பாதோ?



ஒரு நாடகத்தின் கடைசி ஐந்து நிமிடங்களைப் பற்றி இன்று உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன். நாடகம் ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’. ஒரு முதியவர் தம் இளைய மகளின் உயிரற்ற உடலைக் கைகளில் ஏந்தியபடி அரங்கினுள் வருகிறார். அவளுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார். பின்னர் தாமும் இறந்துபோகிறார். இவ்வளவுதான் நாடகத்தின் முடிவு. இந்த முடிவை இங்கிலாந்து மக்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் மேடையிற் பார்க்க மறுத்தார்கள் என்பதும், வேறொருவர் மாற்றி எழுதிய நாடகத்தையே அக்காலமெல்லாம் ஆடிவந்தார்கள் என்பதும் நம்மிற் பலர் அறியாத செய்திகள். அந்த வரலாற்றை நான் நூல்களிற் படித்திருந்தேன். ஆனால் அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்பது எனக்கு விளங்கியது 2017ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், இலண்டன் குளோப் அரங்கில், என் தாயாரின் பக்கத்தில் அமர்ந்து அந்த நாடகத்தைப் பார்த்த ஒரு பிற்பகலிலேதான்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு ஷேக்ஸ்பியரோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவை ஏற்படுத்தித் தந்தவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவிற் பிறந்த அந்தப் பேரறிஞர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1926ஆம் ஆண்டு வெளிவந்த ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடக இலக்கண நூலிலே ஷேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ என்று அழைத்தார். அவரது நாடகங்களிற் பன்னிரண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு நாடகவியலைத் தமிழருக்கு விளக்கினார். ஆங்கிலப் புலவர் ஒருவருக்கு நம் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல் ஒரு பெயரை வைத்து, நம் வாசலுக்கு அழைத்துவந்த பெருமை அடிகளாருக்கு உரியது. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற காலத்தில் அந்நூல் வழியாகவே நான் செகசிற்பியாரை அறிந்தேன். ஆயினும் அவரது நாடகம் ஒன்றை மேடையிற் பார்க்கும் வாய்ப்பு முப்பத்தெட்டு வயதுவரை எனக்குக் கிட்டவில்லை.

என் அக்கா 1996ஆம் ஆண்டு இலண்டனுக்குப் புலம்பெயர்ந்தவர். இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், பாடசாலை விடுமுறையில், எழுபத்திரண்டு வயதான எங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். எங்களுக்கு அண்ணா ஒருவரும் இருக்கிறார். 2009ஆம் ஆண்டு இறுதிப் போரின்போது வன்னியில் இருந்தவர். அதன்பின் அவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அவருடைய படம் இருக்கிறது. அதற்கு மாலை இல்லை, பொட்டும் இல்லை. அம்மா வைக்க விடவில்லை. இதற்கு மேல் அதைப்பற்றி அன்று நான் எண்ணவில்லை. நாடகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்றும் நினைக்கவில்லை.

குளோப்பிற்குப் போகலாம் என்ற யோசனையை முன்வைத்தவள் அக்காவின் மகள். இலண்டனிற் பிறந்து வளர்ந்தவள். உயர்தர வகுப்பில் ‘லியர் மன்னன்’ அவளுக்குப் பாடநூல். அக்காவுக்குத் தயக்கம். "அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. மூண்டு மணித்தியாலம் மரவாங்கிலை எப்பிடி இருப்பா?" என்றார். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "வைரமுத்துவின்ரை நாடகம் விடிய விடியப் பாத்தனாங்கள். பாயிலை, பனியிலை இருந்து. உது மூண்டு மணித்தியாலம்தானே" என்றார். அதற்கு மேல் மறுபேச்சு இல்லை.

சென் போல்ஸ் பேராலயத்தின் பக்கமிருந்து தேம்ஸ் நதியைக் கடந்து தென்கரைக்குச் செல்வதற்கு, 2000ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஒரு நடைபாலம் இருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்தபடி அதன்மேல் மெல்ல நடக்கையில், அதே நதியைக் கடந்த இன்னொரு பயணம் என் நினைவுக்கு வந்தது. 1576ஆம் ஆண்டு ஜேம்ஸ் பேர்பேஜ் என்பவர் நகரின் வடக்கே ஷோர்டிச் என்ற இடத்தில் ‘தியேற்றர்’ என்னும் பெயரிலேயே ஒரு நாடக அரங்கைக் கட்டினார். நிலம் குத்தகை நிலம். குத்தகைக் காலம் முடிந்தபோது நிலச் சொந்தக்காரர் கட்டடமும் தமக்கே என்றார். 1598ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி, பேர்பேஜின் புதல்வர்கள் பீற்றர் ஸ்றீற் என்ற தச்சரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து, அரங்கை மரம் மரமாகக் கழற்றத் தொடங்கினார்கள். அந்த மரங்கள் பின்னர் நதியைக் கடந்து தென்கரைக்கு வந்தன. 1599இல் அவற்றைக் கொண்டு எழுப்பப்பட்டதே குளோப் அரங்கு. தங்கள் வீட்டைக் கழற்றித் தோளிற் சுமந்துகொண்டு வேற்றிடம் போன அந்தக் கலைஞர்களின் நிலை நம் மக்களுக்கு எளிதில் விளங்கும்.

அந்த அரங்கும் நிலைக்கவில்லை. 1613ஆம் ஆண்டு யூன் 29ஆம் திகதி, எட்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய நாடகத்தில் அரசனின் வருகைக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரைப் புல்லிற் பற்றி, அரங்கு முழுவதும் எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய காற்சட்டையில் மட்டும் தீப்பிடித்ததாம். அவர் மதுவை ஊற்றி அதனை அணைத்தார் என்று அக்காலக் கடிதம் ஒன்று கூறுகிறது. மறு ஆண்டே அரங்கை மீண்டும் கட்டினார்கள். 1642இல் பாராளுமன்றம் நாடகங்களைத் தடைசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில் குளோப் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் வாடகை வீடுகள் எழுந்தன. முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1949இல், சாம் வனமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் ஷேக்ஸ்பியரின் அரங்கைத் தேடிக்கொண்டு அங்கு வந்தார். மதுவடிசாலை ஒன்றின் சுவரிற் பதித்திருந்த தகடு ஒன்றைத் தவிர அவர் கண்டது எதுவும் இல்லை. அவர் மனம் அதனை ஏற்கவில்லை. 1970இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, எஞ்சிய வாழ்நாளையெல்லாம் அரங்கை மீளக் கட்டுவதற்கே செலவிட்டார். 1993இல் அவர் காலமானார். 1997இல் அரங்கு திறக்கப்பட்டது. பழைய அரங்கு நின்ற இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, கருவாலி மரங்களாலும் புற்கூரையாலும் ஆன வட்ட அரங்கு அது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின்னர் இலண்டன் நகரிற் புல்லால் வேயப்பட்ட முதற் கட்டடம் அதுவே என்பர்.

உள்ளே நுழைந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். நடுவே கூரை இல்லை, வெறும் வானம். மேடை முற்றத்தினுள் நீண்டுவந்து நிற்கிறது. அதன் மூன்று பக்கமும் மக்கள் நிற்கிறார்கள். அன்று ஒரு பென்னிக்கு நின்று பார்த்தார்கள். நாங்கள் சென்ற ஆண்டில் ஐந்து பவுணுக்கு நின்று பார்க்கலாம். முற்றத்தில் இருக்கவும் கூடாது. குடை விரிக்கவும் கூடாது. சுற்றிலும் மூன்று அடுக்குகளில் மரவாங்குகள். மருமகள் முற்றத்தில் மேடையின் விளிம்பிற் கையூன்றி நின்றுகொண்டாள். அக்காவும் அம்மாவும் நானும், வாடகைக்கு எடுத்த மெத்தைகளைப் போட்டு வாங்கில் அமர்ந்தோம். பட்டப்பகல். ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் ஒரே வெளிச்சம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் முகம் நமக்குத் தெரிகிறது. "இது கோயில் வீதி மாதிரியெல்லோ இருக்கு" என்றார் அம்மா. வட்டக்களரியைச் சூழ இருந்து கூத்துப் பார்த்த ஒருவருக்கு அந்த அரங்கு அந்நியமாகப் படவில்லை.

லியரின் கதை ஷேக்ஸ்பியர் தாமே படைத்த கதை அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில், 1136ஆம் ஆண்டளவில், ஜெப்றி என்பவர் இலத்தீன் மொழியில் எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றிலேயே அது வருகிறது. முதுமையடைந்த மன்னன் தன் நாட்டை மூன்று பெண்மக்களுக்கும் பிரித்துக் கொடுக்க எண்ணி, யார் தன்மேல் எவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறான். மூத்தவர்கள் இருவரும் வாயால் வானத்தை வளைக்கிறார்கள். இளையவள் உள்ளதைச் சொல்லி, உள்ளதையும் இழக்கிறாள். பின்னர் மூத்தவர்கள் தகப்பனைத் துரத்த, இளையவளே படையோடு வந்து காக்கிறாள். ஜெப்றியின் நூலில் மன்னன் வெற்றிபெற்று, மீண்டும் மூன்று ஆண்டுகள் அரசாள்கிறான். ஷேக்ஸ்பியர் காலத்து வரலாற்று நூல்களிலும் அப்படியே. 1605இல் அச்சாகிய, ஆசிரியர் பெயர் தெரியாத பழைய ‘லியர்’ நாடகத்திலும் தகப்பனும் மகளும் உயிரோடு கூடி வாழ்வதே முடிவு.

நாட்டிலே நடந்த செய்தி ஒன்றும் உண்டு. 1603ஆம் ஆண்டில் கென்ற் பகுதியைச் சேர்ந்த சேர் பிறையன் அன்ஸ்லி என்ற முதியவருக்கு மூன்று பெண்கள். அவர் புத்தி பேதலித்தவர் என்று அறிவிக்கச் செய்து, சொத்தைத் தன் பொறுப்பில் எடுக்க மூத்தவள் முயன்றாள். இத்தனை காலம் அரச சேவை செய்த தந்தைக்கு இந்த அவமானம் தகாது என்று கடிதம் எழுதித் தடுத்தவள் இளையவள். அவளுடைய பெயர் கோர்டெல். நாடகத்தில் இளையவளின் பெயர் கோர்டீலியா. ஷேக்ஸ்பியர் இதனை அறிந்திருப்பார் என்று கருதும் ஆய்வாளர் உளர்.

நாடகம் 1606ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி இரவு, வைற்ஹோல் அரண்மனையில், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் முன்னிலையில் ஆடப்பட்டது. ஸ்கொற்லாந்தையும் இங்கிலாந்தையும் ஒன்றாக்க முயன்றுகொண்டிருந்த மன்னர் அவர். அவர் முன்னே, நாட்டைத் துண்டாக்கிக் கெட்ட ஒரு மன்னனின் கதை. நாடகத்தில் வரும் மருமக்கள் இருவரும் அல்பனி, கோர்ண்வோல் என்னும் இடங்களின் கோமக்கள். ஜேம்ஸ் மன்னரின் இரு புதல்வர்களும் அதே பட்டங்களைத் தாங்கியிருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

முதலாம் காட்சி முடிந்தபோது, நான் காதோடு சொல்லிய மொழிபெயர்ப்பைக் கேட்டிருந்த அம்மா தலையை ஆட்டினார். "உயிரோடை இருக்கேக்கையே எல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டான் விசரன். சீவிய உருத்து எண்டு ஒரு வரி வைச்சு எழுதியிருக்கலாமே" என்றார். யாழ்ப்பாணத்து நொத்தாரிசு ஒருவர் சொல்லக்கூடிய விமரிசனம் இது. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் நம் தேசவழமையைச் சட்டமாக்கியபோது, அதிலே பெரும்பங்கு பெற்றவை பெற்றார் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சீதனமும் முதுசமும் பற்றிய விதிகளே. அந்த வழமைக்குள் வாழ்ந்து, தம் வீட்டையும் வளவையும் அக்காவுக்கு எழுதிக்கொடுத்த ஒரு தாய்க்கு, லியரின் பிழை எது என்பதை ஆசிரியர் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களை நான் துரத்தமாட்டன், பயப்பிடாதேங்கோ" என்றார்.

புயற் காட்சியில், மூத்த பெண்கள் இருவரும் கதவை அடைத்துவிட, வெட்ட வெளியில் நின்று வானத்தோடு வழக்காடுகிறான் மன்னன். அவனுக்குத் துணையாக ஒரு கோமாளி மட்டுமே. அப்போது அரங்கின் திறந்த முகட்டுக்கு மேலாக ஒரு ஹெலிகொப்டர் பறந்து சென்றது. இலண்டனில் அது அன்றாடச் சத்தம். எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா மட்டும் என் கையைப் பற்றிக்கொண்டார். சத்தம் தொலையும்வரை விடவில்லை. நான் மொழிபெயர்ப்பைத் தொடர வாயெடுத்தபோது, "சொல்லாதை தம்பி, எனக்கு விளங்குது" என்றார். அதன்பின் கடைசிவரை நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. கோர்டீலியாவின் படை தோற்றுவிட்டது. தகப்பனும் மகளும் சிறைப்படுகிறார்கள். மகளைக் கொல்லும்படி இரகசியக் கட்டளை பிறக்கிறது. கட்டளை இட்டவனே சாகுந் தறுவாயில் மனம் மாறி, தடுக்கும்படி ஆள் அனுப்பச் சொல்கிறான். ஆள் ஓடுகிறான். அந்த இடைவெளியில் முற்றத்தில் நின்ற அத்தனைபேரும் மேடையின் வாசலையே பார்த்தபடி நின்றார்கள். ஆள் பிந்திவிட்டான். லியர் அவளைக் கைகளில் ஏந்திக்கொண்டு வருகிறான். கண்ணாடி ஒன்று கேட்கிறான், அவளது மூச்சு அதில் மங்குகிறதா என்று பார்க்க. இறகு ஒன்று அசைவதாகச் சொல்கிறான். இல்லை என்று அறிகிறான். மறுபடியும் பார்க்கிறான்.

அம்மா என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை எழும்பாதோ?"

"எழும்பாது அம்மா."

"ஒருத்தரும் வரமாட்டினமோ?"

யார் வருவார்கள் என்று அம்மா எதிர்பார்த்தார் என்பதை நான் உடனே உணர்ந்தேன். அவர் சிறுமியாகவும் குமரியாகவும் இருந்த காலத்தில் வலிகாமத்துக் கோயில் வீதிகளிலே திரும்பத் திரும்பப் பார்த்தது, காங்கேசன்துறை வசந்த கான சபாவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’. 1989இல் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக நின்று பாடிய அந்த இசை நாடகத்தை அறியாத மூத்த தலைமுறையினர் வடபுலத்தில் இல்லை எனலாம். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைத் தாய் சந்திரமதி சுடலைக்குத் தூக்கி வருகிறாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன், தன் பிள்ளை என்று அறியாமல், காற்பணமும் முழத்துண்டும் கேட்கிறான். அறிந்த பின்னும் கடமையிலிருந்து வழுவ மறுக்கிறான். பொழுது புலரும் வேளையில், மனைவியையே வெட்ட வாளை ஓங்குகையில், சிவபெருமான் தோன்றுகிறார். பிள்ளை எழுகிறது. பார்த்திருந்த தாய்மார் முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு செல்கிறார்கள். அம்மா அறிந்த நாடகத்தில் இறந்த பிள்ளை எழும்பும். எழும்பியே தீரவேண்டும். விடியுமட்டும் விழித்திருந்தது அதற்காகத்தான்.

நேயர்களே, இதிலே அம்மா தனியாள் அல்லர். 1606இல் அந்த நாடகத்தைப் பார்த்தவர்களுள் பழைய கதையை அறிந்திருந்தவர்கள் அனைவரும் கோர்டீலியா பிழைப்பாள் என்றே எதிர்பார்த்து வந்திருப்பார்கள். முந்தைய நூல்கள் எல்லாம் அப்படித்தானே கூறின. அவளைத் தகப்பனின் கையிலேயே பிணமாகக் கொடுத்தவர் ஷேக்ஸ்பியர் ஒருவரே. தடைக்காலம் முடிந்து, 1660இல் அரங்குகள் மீண்டும் திறந்த பின்னர், நாகும் ரேற் என்ற கவிஞர் 1681இல் இந்த நாடகத்தை மாற்றி எழுதினார். அவருடைய நாடகத்தில் லியர் இறக்கவில்லை, கோர்டீலியாவும் இறக்கவில்லை. எட்கார் என்ற நல்லவனைக் காதலித்து மணக்கிறாள். மன்னனுக்கு அரசு திரும்பக் கிடைக்கிறது. கோமாளி அடியோடு நீக்கப்பட்டான். இந்த நாடகத்தையே பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் இலண்டன் பார்த்தது, அழுதது, கைதட்டியது.

ரேற்றைப் பிற்கால அறிஞர்கள் எள்ளி நகையாடினார்கள். நானும் வகுப்பறையில் நகைத்திருக்கிறேன். ஆனால் ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜோன்சன் நகைக்கவில்லை. 1765இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பதிப்பித்த அப்பெருமகனார், இளமையில் கோர்டீலியாவின் சாவைப் படித்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியால், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வந்த நாள்வரை அந்தக் கடைசிக் காட்சிகளை மீண்டும் படிக்கத் தமக்குத் துணிவு வந்ததா என்பதே தெரியவில்லை என்று எழுதிவைத்தார். நாட்டின் மிகப் பெரிய வாசகரின் ஒப்புதல் இது. பின்னர் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே மனநிலை பாதிக்கப்பட்டிருந்த காலத்தில், 1810 முதல் அவர் இறந்த 1820வரை, பித்துப் பிடித்த மன்னனின் கதையை இலண்டன் மேடைகள் தொடவே இல்லை. 1823இல் எட்மண்ட் கீன் என்ற பெருநடிகர் துணிந்து ஷேக்ஸ்பியரின் முடிவை மேடையேற்றினார். சில இரவுகளின் பின் அவரும் பழையபடி ரேற்றின் முடிவுக்கே திரும்பினார். 1838இல் மக்றெடி என்ற நடிகரே ஷேக்ஸ்பியரின் கதையையும் கோமாளியையும் நிலையாக மேடைக்குக் கொண்டுவந்தார். நூற்றைம்பத்தேழு ஆண்டுகள் கழித்துத்தான் கோர்டீலியா மேடையில் நிலையாக இறந்தாள்.

இங்கே இன்னுமொரு நுட்பம் உண்டு. இந்த நாடகம் இரண்டு வடிவங்களில் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1608இல் வெளிவந்த தனி நூல் ஒன்று. ஷேக்ஸ்பியர் காலமாகி ஏழு ஆண்டுகளின் பின், 1623இல் அவரது நண்பர்கள் வெளியிட்ட பெருந்தொகுதி மற்றொன்று. 1608ஆம் ஆண்டு நூலில் லியர், மகள் இனித் திரும்பமாட்டாள் என்று அறிந்தே, நெஞ்சு உடைந்து சாகிறான். பெருந்தொகுதியிலோ இரண்டு வரிகள் கூடுதலாக உள்ளன. அங்கே லியர் மகளின் உதடுகளைச் சுட்டிக்காட்டி, அதைப் பாருங்கள் என்று அருகில் நிற்பவர்களை அழைத்தபடி சாகிறான். அவன் எதைக் கண்டான்? உண்மையில் எதுவும் இல்லை. ஆனால் அவளது உதடு அசைந்ததாக, மூச்சு வந்ததாக அவன் கண்டான் என்றும், அந்த மகிழ்ச்சி தாங்காமலே உயிர் போயிற்று என்றும் 1904இல் ஏ. சி. பிராட்லி என்ற பேராசிரியர் எழுதினார். அது வெறும் மயக்கமே என்று மறுப்போரும் உளர். அந்த வாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது.

நாடகம் முடிந்தது. இறந்து கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்து, வரிசையாக நின்று, மூன்று பக்கமும் திரும்பித் தலைவணங்கினார்கள். 1599ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் தோமஸ் பிளாற்றர் என்ற சுவிற்சலாந்துப் பயணி தென்கரையில் யூலியஸ் சீசர் பற்றிய நாடகத்தைப் பார்த்துவிட்டு, முடிவில் நடிகர்கள் ஆண் உடையிலும் பெண் உடையிலும் அழகாக ஆடினார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். துன்பியல் நாடகமானாலும் முடிவில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்வையாளரை வீட்டுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். நம் கூத்தில் மங்களம் பாடி முடிப்பதை ஒத்தது அது. கோர்டீலியாவாக நடித்த பெண் சிரித்த முகத்தோடு நிமிர்ந்ததும், அம்மா இரண்டு கைகளையும் உயர்த்திக் கைதட்டினார்.

திரும்புகையில் நடைபாலத்தின் நடுவே அம்மா களைப்பாற நின்றார். கீழே நதி கலங்கலாக ஓடியது. மருமகள், முடிவு மாற்றப்பட்ட வரலாற்றை அம்மம்மாவுக்குத் தன் உடைந்த தமிழிற் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அதைக் கேட்டாரோ தெரியாது. என்னிடம் சொன்னார்:

"அந்த மனிசன் கடைசியிலை கண்டவர்தானே?"

"எதை அம்மா?"

"பிள்ளை மூச்சு விடுறதை. அவற்றை முகம் மாறினது நீ பாக்கேல்லையோ?"

ஆங்கிலம் அறியாத என் தாய், பேராசிரியர்கள் நூறு ஆண்டுகளாக வாதாடும் இடத்தில் நேரே சென்று நின்றார். பிராட்லியை மறுப்போரின் நியாயங்களும் எனக்குத் தெரியும். அவற்றை மாணவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். அன்று அந்தப் பாலத்தில் நின்று, "ஓம் அம்மா, கண்டவர்தான்" என்றேன். அக்கா மறுபக்கம் திரும்பி நதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

ரேற்றைப் பற்றி இப்போது நான் வகுப்பிற் பேசும்போது நகைப்பதில்லை. அவருடைய கவிதை தாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் எழுதியது ஒரு வேண்டுதலுக்கு விடையாக. உள்நாட்டுப் போரையும், தங்கள் மன்னனின் தலை வெட்டப்பட்டதையும், கொள்ளைநோயையும், நகரெரித்த பெருந்தீயையும் ஒரே வாழ்நாளிற் கண்ட தலைமுறை ஒன்று, மேடையிலாவது பிள்ளை எழும்பட்டும் என்று வேண்டியது. அந்த வேண்டுதலை நம் மயான காண்டம் நிறைவேற்றுகிறது. செகசிற்பியார் அதை நிறைவேற்றவும் இல்லை. முற்றாக மறுக்கவும் இல்லை. பிள்ளையை எழுப்பாமல் விட்டார். ஆனால் தகப்பனின் கண்ணுக்கு அந்த உதட்டை அசைய விட்டார். அந்த இரண்டு வரிகளை அவரே பின்னாளிற் சேர்த்தார் என்று கொள்ளும் அறிஞர் பலர். அவர்கள் கூற்றே சரி என்று நம்ப நான் விரும்புகிறேன்.

அம்மா 2021ஆம் ஆண்டு காலமானார். அந்தியேட்டி முடிந்த பின்னர் அவருடைய படத்தைச் சுவரில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டோம். பக்கத்தில் இருக்கும் அண்ணாவின் படத்துக்கும் ஒரு மாலை வாங்கட்டுமா என்று, இலண்டனிலிருந்து வந்திருந்த அக்கா மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன்.